கடும் போக்குவரத்துக் குற்றப் பதிவு உள்ளவர் எந்தக் காப்புறுதியைத் தேர்ந்தெடுக்கலாம்?

என் சித்தி மகன் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறான். பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் வேலைக்குப் போகிறவன். மது அருந்திவிட்டு வாகனமோட்டியபோது சாலைத் தடுப்புச் சோதனையில் பிடிபட்டு, நீதிமன்றத்தில் அபராதம் கட்டி, 2 ஆண்டுகள் வாகனமோட்டத் தகுதி இழந்திருந்தான். அந்தத் தடைக்காலம் முடிந்து உரிமம் கைக்கு வந்ததும், மூன்று காப்புறுதி கோட்டேஷன்களையும் முகவர் ஒருவர் சொன்ன ஒரு யோசனையையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். முதல் கோட்டேஷன் 25 விழுக்காடு லோடிங், அதாவது ஆபத்து கூடியவரிடம் கேட்கும் கூடுதல் கட்டணம், சேர்த்த முழுமைக் காப்புறுதி. இரண்டாவது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். மூன்றாவது, எக்ஸஸ் தொகையை, அதாவது ஒவ்வொரு இழப்பீட்டிலும் நாமே ஏற்றுக்கொள்ளும் முதல் பகுதியை, உயர்த்திக்கொண்டு கட்டணத்தைக் குறைக்கும் முழுமைக் காப்புறுதி. முகவரின் யோசனையோ, வாகனத்தை மனைவியின் பெயருக்கு மாற்றிவிட்டு, வழக்கைப் பற்றி எங்கும் எழுதாமல் இருப்பது. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. அவன் நிலையில் இருக்கும் பலர் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, பதற்றத்தில் தவறான ஒன்றை எடுத்துவிடுகிறார்கள் என்பதால் நாங்கள் கணக்கிட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன்.

தம்பி முதலில் சொன்ன வாக்கியமே தவறான ஒன்றாக இருந்தது: "என் என்சிடி எல்லாம் போய்விட்டது." போகவில்லை. என்சிடி என்னும் இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடி, பெயர் சொல்வதுபோலவே, இழப்பீடு கோராததற்குக் கிடைப்பது. சம்மன் வாங்கினாலோ நீதிமன்றத் தண்டனை பெற்றாலோ அது தானாகக் குறைவதில்லை. தனியார் கார்களுக்கு அது முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காடு, அடுத்து 30, பிறகு 38.33, 45 எனப் படியேறி, 5 ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்கு 55 விழுக்காட்டில் நிற்கிறது. ஒரே ஒரு முறை சொந்தத் தவறால் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு கோரினால், எத்தனை ஆண்டுகள் சேர்த்ததாயினும், அது சுழியத்திற்கு இறங்கிவிடும். தம்பி பிடிபட்ட இரவில் விபத்து எதுவும் நிகழவில்லை. தடைக்காலத்தில் காரை மனைவிதான் ஓட்டிவந்தார். காப்புறுதியும் அவன் பெயரிலேயே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆகவே அவனுடைய 55 விழுக்காடும் அப்படியே இருந்தது. என்சிடி வாகனத்தின் பெயரில் அல்லாமல் உரிமையாளரின் பெயரில் நிற்பது என்பதையும், அதன் நிலையை இணையத்தில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதையும் அவன் அன்றுதான் அறிந்தான்.

இதன் மதிப்பு எவ்வளவு என்பதை எண்களில் பார்த்தால்தான் மற்றவற்றை ஒப்பிட முடியும். அவனுடையது 1.5 லிட்டர் மைவி கார். காப்புறுதி மதிப்பு 50,000 ரிங்கிட். கட்டணம் தாராளமயமாவதற்கு முன் நடப்பிலிருந்த அட்டவணையின்படி தீபகற்ப மலேசியாவில் 1,401 முதல் 1,650 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரிங்கிட் மதிப்புக்கு 305.50 ரிங்கிட், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 1,000 ரிங்கிட்டுக்கும் 26 ரிங்கிட். இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறினாலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்த அட்டவணை இன்னமும் நல்ல அளவுகோல். அதன்படி அடிப்படைக் கட்டணம் 1,579.50 ரிங்கிட். 55 விழுக்காடு கழித்தால் 710.78 ரிங்கிட். அவனுக்குச் சொல்லப்பட்ட 25 விழுக்காடு லோடிங்கை அடிப்படைக் கட்டணத்தில் ஏற்றி, பிறகு என்சிடியைக் கழித்தால் 888.47 ரிங்கிட். ஆக, குற்றப் பதிவு அவனிடம் கூடுதலாகக் கேட்டது ஆண்டுக்கு ஏறத்தாழ 178 ரிங்கிட். எந்தக் குற்றப் பதிவும் இல்லாத ஒருவர், பின்னால் வந்து இடித்த தன் தவறுக்காக ஒரு முறை இழப்பீடு கோரி என்சிடியை இழந்தால், அடுத்த ஆண்டே கூடுதலாகக் கட்டவேண்டியது 869 ரிங்கிட். மீண்டும் 55 விழுக்காட்டை எட்டும் வரை, மதிப்பு மாறாதென்று கொண்டால், 5 ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ 2,159 ரிங்கிட். இவை சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரை வரியும் சேர்க்காத தொகைகள். லோடிங்கைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு வந்தவனுக்கு, அதைவிடப் பெரிய தொகை தன் கையிலேயே பத்திரமாக இருக்கிறது என்பது இந்தக் கணக்கில்தான் தெரிந்தது.

லோடிங் ஏன் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். 2017-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் முழுமைக் காப்புறுதிக்கும், மூன்றாம் தரப்போடு தீயும் திருட்டும் சேர்ந்த காப்புறுதிக்கும் உரிய கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா அனுமதித்தது. அதன் பிறகு ஓட்டுநரின் வயது, அனுபவம், வாகனத்தின் பாதுகாப்பு வசதிகள், அது இருக்கும் வட்டாரம், இழப்பீட்டு வரலாறு ஆகியவற்றோடு போக்குவரத்துக் குற்றப் பதிவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள இடமுண்டு. எந்த நிறுவனம் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பது அதன் சொந்த முடிவு. ஆகவே ஒரு நிறுவனம் மறுத்துவிட்டதாலோ அதிகம் கேட்டதாலோ எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று முடிவுகட்டுவது பிழை. குறைந்தது நான்கு இடங்களிலாவது விசாரிக்கவேண்டும் என்பதே என் கருத்து.

இணையத்தில் இதைப் பற்றித் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கத் தகவல்களில் போய் விழுகிறார்கள். அங்கே பல மாநிலங்களில், குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவர் உரிமத்தைத் திரும்பப் பெற, எஸ்ஆர்-22 என்னும் சான்றைக் காப்புறுதி நிறுவனத்தின் வழியாக அரசுக்குத் தரவேண்டும். மலேசியாவில் அத்தகைய சான்று கிடையாது. அதைக் கேட்டு அலையவும் வேண்டாம். அதைப் பெற்றுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பவும் வேண்டாம்.

இனி இரண்டாவது கோட்டேஷன். மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் கட்டணம் இன்னமும் அட்டவணைக்கு உட்பட்டது. அதே பழைய அட்டவணையில் இந்தக் காருக்கு அது 135 ரிங்கிட், 55 விழுக்காடு தள்ளுபடியோடு 60.75 ரிங்கிட். 888 ரிங்கிட்டுக்கு எதிரே 61 ரிங்கிட் என்று பார்த்தால் எவருடைய மனமும் சபலப்படும். ஆனால் அந்த 61 ரிங்கிட், பிறருடைய மரணத்துக்கும் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் மட்டுமே பொறுப்பேற்கிறது. சொந்தக் கார் நொறுங்கினால் ஒரு காசும் வராது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்பினரின் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரிய காப்பை மட்டும் என்பதால், சட்டத்தின் கண்ணில் இதுவே போதுமானது. தம்பியின் நிலையில் இரண்டு காரணங்களால் இது ஒத்துவரவில்லை. முதலாவது, காரின் மீது வங்கிக் கடன் இன்னும் 3 ஆண்டுகள் பாக்கி. வாடகைக் கொள்முதல் கடன் தீரும்வரை முழுமைக் காப்புறுதி வேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. இரண்டாவது, 50,000 ரிங்கிட் பெறுமானமுள்ள காரை இழந்தால் அதை ஈடுசெய்யும் சேமிப்பு அந்தக் குடும்பத்தில் இல்லை. கடன் தீர்ந்து, 12 அல்லது 15 வயதான, 8,000 ரிங்கிட் பெறாத சாகா கார் ஒன்றை ஓட்டுகிறவராக அவன் இருந்திருந்தால் நான் தயங்காமல் மூன்றாம் தரப்பையே சொல்லியிருப்பேன். பழைய வாகனங்களுக்கு முழுமைக் காப்புறுதி கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்குவதால், குற்றப் பதிவும் சேர்ந்துகொண்டால் அதற்காக அலைவது வீண். தீயும் திருட்டும் சேர்ந்த நடுத்தர வகை, காரின் பெறுமானம் குறைவாக இருந்தும் திருட்டுப் பயம் உள்ள இடத்தில் நிறுத்துகிறவருக்கு ஏற்றது.

கட்டணத்தைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது வெள்ளக் காப்பை. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சாதாரண முழுமைக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் இல்லை. அதைத் தனியாகச் சேர்க்கவேண்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியதையும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை தண்ணீரில் நின்றதையும் பார்த்தவர்கள் நாம். லோடிங்கால் கூடிய 178 ரிங்கிட்டை ஈடுகட்ட வெள்ளக் காப்பை நீக்குகிறவர், வீட்டு ஓட்டைப் பிரித்து விறகு வாங்குகிறவரைப்போல் செய்கிறார்.

மூன்றாவது கோட்டேஷனில் இருந்த எக்ஸஸ் உண்மையில் தம்பியைப் போன்றவர்களுக்கு நல்ல கருவி. சிறிய சேதத்துக்கு அவன் எப்படியும் இழப்பீடு கோரப்போவதில்லை; கோரினால் 5 ஆண்டுகளில் 2,159 ரிங்கிட் போகும் என்று மேலே பார்த்தோம். கோரமாட்டோம் என்று தெரிந்த தொகைக்குக் காப்பு வாங்கிக் கட்டணம் கட்டுவதில் பொருளில்லை. ஆனால் கையில் ரொக்கமாக இருக்கும் தொகைக்கு மேல் எக்ஸஸை உயர்த்தக்கூடாது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது கட்டாய எக்ஸஸ்: பெயர் குறிப்பிடப்படாத ஒருவரோ, 21 வயதுக்குக் குறைந்தவரோ, புது ஓட்டுநருக்குத் தரப்படும் பி உரிமம் வைத்திருப்பவரோ ஓட்டி விபத்து நேர்ந்தால் வழக்கமாக 400 ரிங்கிட் கழித்துக்கொள்ளப்படும். மனைவியின் பெயரை ஓட்டுநர் பட்டியலில் எழுதிவைப்பது ஒரு வரி வேலை, அதை விடக்கூடாது.

இந்த மூன்று கோட்டேஷன்களிலும் ஒன்றுபோலவே இருந்த, எவ்வளவு பணம் கட்டினாலும் விலைக்குக் கிடைக்காத ஒரு பகுதியைப் பற்றி நான் தம்பியிடம் நெடுநேரம் பேசினேன். ஓட்டுகிறவர் சட்ட அளவுக்கு மேல் மது அருந்தியிருந்தாலோ, போதைப்பொருளின் பிடியில் இருந்தாலோ, பந்தயம் ஓட்டினாலோ, உரிமம் இடைநிறுத்தப்பட்டோ தகுதி இழந்தோ இருந்தாலோ காப்பு இல்லை. உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தவருக்கும் தகுதி இழந்தவருக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு: காலாவதியான உரிமம் வைத்திருந்து, அதைப் பெறுவதற்குத் தடை ஏதும் இல்லாதவரை வழக்கமான காப்புறுதி ஒப்பந்தம் மன்னிக்கிறது; தடை விதிக்கப்பட்டவரை மன்னிப்பதில்லை. 2020 அக்டோபர் 23 முதல் மதுவின் அளவு இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகவும், மூச்சில் 35 மைக்ரோகிராமிலிருந்து 22-ஆகவும் குறைக்கப்பட்டிருக்கிறது; அளவை மீறினாலே முதல் முறைக்கு 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 2 ஆண்டுகள் தகுதியிழப்பும், மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. அத்தகைய விபத்தில் அடிபட்ட மூன்றாம் தரப்பினருக்குச் சட்டத்தின்படி நிறுவனம் பணம் கொடுக்க நேரிடலாம். கொடுத்த பணத்தை அது பிறகு ஓட்டியவரிடமிருந்தே வசூலிக்க உரிமை பெற்றிருக்கிறது. காப்புறுதி இருக்கிறதே என்ற ஆறுதல் அந்த இரவில் செல்லாது. சிறு சம்மன்களைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்: சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளி, வேக வரம்பை 40 கிலோமீட்டருக்கு மேல் மீறினாலும் 4 புள்ளி என்று கெஜாரா என்னும் குற்றப்புள்ளி முறையில் புள்ளிகள் ஏறி 60-ஐத் தொட்டால் உரிமம் இடைநிறுத்தப்படும், பி உரிமத்துக்கு 20 புள்ளியே போதும், அது ரத்தாகிவிடும். இடைநிறுத்தம் தெரியாமல் ஓட்டினேன் என்பது இழப்பீட்டுக் கோரிக்கையின்போது காப்பாற்றாது.

முகவரின் யோசனைக்கு வருகிறேன். கேள்வித்தாளில் வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தும் "இல்லை" என்று எழுதச் சொன்னதை ஒரு யோசனை என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9-ஆம் அட்டவணை, பயனீட்டாளர் கேட்கப்பட்ட கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமலிருக்க நியாயமான கவனம் எடுக்கவேண்டும் என்கிறது. வேண்டுமென்றே பொய் எழுதியிருந்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே ரத்துசெய்து, முழுக் கோரிக்கையையும் மறுக்கலாம். கவனக்குறைவால் நேர்ந்த தவறாக இருந்தால், உண்மை தெரிந்திருந்தால் எவ்வளவு கட்டணம் கேட்டிருக்குமோ அந்த விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கலாம். தம்பியின் எண்களையே எடுத்துக்கொண்டால், 888.47 கட்டவேண்டிய இடத்தில் 710.78 மட்டும் கட்டியிருக்கிறான் என்றால் அது 80 விழுக்காடு. 20,000 ரிங்கிட் பழுதுக்கு 16,000 மட்டுமே கிடைக்கும். 178 ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய், கவனக்குறைவு என்று கருதப்பட்டாலே 4,000, வேண்டுமென்றே என்று கருதப்பட்டால் 20,000 முழுவதும் போய்விடும். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும்: கேட்கப்படாததைத் தானாகத் தேடிச் சொல்லவேண்டிய கடமை பயனீட்டாளருக்கு முன்புபோல் இல்லை. ஆகவே கேள்வியை நிதானமாகப் படித்து, கேட்டதற்கு உண்மையாகப் பதில் எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்வதே போதும். இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தக்காஃபுலுக்கும் அதே ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டத்தில் இதேபோன்ற விதிகள் உண்டு.

மனைவியின் பெயருக்கு மாற்றுவது தன்னளவில் குற்றமன்று. உண்மையில் அவரே காரை முதன்மையாக ஓட்டுகிறார் என்றால் அது நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் நாள்தோறும் பாலத்தைக் கடப்பவன் தம்பி. அதை மறைப்பதற்காகச் செய்தால் அதுவும் மேலே சொன்ன பொய்யின் இன்னொரு வடிவம். கணக்காகப் பார்த்தாலும் நட்டம்: தம்பியின் 55 விழுக்காடு அவன் பெயரில் பயனின்றிக் கிடக்க, இதுவரை காப்புறுதி எடுத்திராத மனைவி சுழியத்திலிருந்து 1,579.50 ரிங்கிட்டில் தொடங்கவேண்டியிருக்கும். கடன் பாக்கியிருக்கும்போது வங்கியின் ஒப்புதலின்றிப் பெயர் மாற்றவும் முடியாது. தன் மனைவியையும் பொய்யில் கூட்டுச்சேர்க்கிறோம் என்பதை அவன் யோசித்திருக்கவில்லை. அதைச் சொன்னதும் அந்தத் தாளை மடித்துவைத்துவிட்டான்.

எங்கே வாங்குவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் பெரும்பாலும் 10 விழுக்காடு கழிவு கிடைக்கும். தம்பிக்கு அது ஏறத்தாழ 89 ரிங்கிட். பதிவு சுத்தமாக உள்ளவருக்கு நான் அதையே சொல்வேன். கடும் குற்றப் பதிவு உள்ளவருக்கு, நேர்மையான முகவர் கிடைத்தால், அந்த 89 ரிங்கிட்டை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. இணையப் படிவம் மறுத்தால் அதோடு முடிந்தது, முகவரோ தண்டனைக்குப் பின் கழிந்த ஆண்டுகளையும் இழப்பீடு கோராத வரலாற்றையும் எடுத்துச்சொல்லி நிறுவனத்தோடு பேச முடியும். தக்காஃபுல் நிறுவனங்களில் சில, ஆண்டு முழுதும் இழப்பீடு கோராதவருக்கு ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன. மதம் எதுவாயினும் எவரும் சேரலாம். எல்லா நிறுவனங்களும் கைவிரித்துவிட்டால், 1992-இல் பொதுக் காப்புறுதி நிறுவனங்கள் கூட்டாகத் தொடங்கிய எம்எம்ஐபி என்னும் பொதுத் தொகுப்பு இருக்கிறது. அங்கே லோடிங் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால் அது கடைசிக் கதவு. ஆனால் காப்புறுதியே இல்லாமல் சாலையில் இறங்குவதைவிட, அந்தக் குற்றத்துக்கு 12 மாதத் தகுதியிழப்பு உண்டென்பதால், அது ஆயிரம் மடங்கு மேல். நிறுவனத்தோடு தகராறு முற்றினால் 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மேன் சேவையிடம் முறையிடலாம். மாலையில் கிராப் ஓட்டிக் கூடுதலாகச் சம்பாதிக்க எண்ணுகிறவர்கள் தனியார் காப்புறுதி அதற்குச் செல்லாது என்பதையும் இ-ஹெய்லிங் என்னும் செயலிவழி வாடகை ஓட்டத்துக்கான காப்பைத் தனியாகச் சேர்க்கவேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வைக்கவேண்டும்.

தம்பி கடைசியில் எடுத்தது முதல் கோட்டேஷனுக்கும் மூன்றாவதுக்கும் இடைப்பட்ட ஒன்று: லோடிங்கோடு முழுமைக் காப்புறுதி, 500 ரிங்கிட் தன்விருப்ப எக்ஸஸ், வெள்ளக் காப்பு, ஓட்டுநர் பட்டியலில் மனைவியின் பெயர். வழக்கு விவரத்தைத் தேதியோடு எழுதிக்கொடுத்தான். அடுத்த புதுப்பிப்பில் லோடிங்கை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம் என்று முகவரிடம் சொல்லிவைத்திருக்கிறான். இது வேறொரு முகவர். சில மாதங்கள் கழித்து, பிறைச் சந்தையின் வாகன நிறுத்துமிடத்தில் பின்னால் எடுக்கும்போது ஒரு தூணில் உரசி, பம்பர் நசுங்கியது. பட்டறையில் 900 ரிங்கிட் கேட்டார்கள். இழப்பீடு கோரினால் எக்ஸஸ் போக 400 ரிங்கிட் வரும். அதற்கு 55 விழுக்காட்டைக் கொடுக்கவேண்டும். என்னைக் கேட்காமலேயே கணக்குப் பார்த்து, சொந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து சொன்னான்.